உயரத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகள் உயரமாக வளர என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வயதுக்கு மீறிய உயரமும் நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் மகனுக்கு நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் முதல் வகை என்ற, நரம்புகளில் கட்டிகள் வளரச் செய்யும் மரபணு நோய். உடம்பெல்லாம் காபி நிறத் திட்டுகள், பார்வை நரம்பில் கட்டி. நான்கு வயதிலேயே அவனுக்கு ஆறு வயதுப் பிள்ளையின் சட்டைதான் சரியாக இருந்தது. "அப்பா மாதிரியே நெடுநெடுவென்று வளர்கிறான்" என்று அத்தை சுற்றிப் போட்டார். நாங்களும் பூரித்துப்போனோம். கட்டிக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன மருத்துவமனையில் ஓராண்டாக எடையை மட்டுமே குறித்தார்கள். உயரத்தை யாரும் அளக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பிறகு பார்த்த ஹார்மோன் மருத்துவர், வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் உடலில் உண்டாகும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருளின் அளவை ரத்தத்தில் பார்த்தார். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். இறங்க வேண்டிய வளர்ச்சி ஹார்மோன் இறங்கவில்லை; அதாவது, அது மிகையாகச் சுரக்கிறது. கட்டி அதைச் சுரப்பதில்லையாம். ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியை அழுத்தி, வளர்ச்சி ஹார்மோனை அடக்கும் சொமாட்டோஸ்டாட்டின் என்னும் கடிவாளத்தைக் கெடுத்துவிடுகிறது என்று கருதுகிறார்கள்.

பார்வை நரம்போடு பின்னிக் கிடக்கும் கட்டியை வெட்டியெடுப்பது லேசான காரியமில்லை. மருந்துதான் வழி. அந்தக் கடிவாளத்தின் வேலையைச் செய்யும் ஆக்ட்ரியோடைட் ஊசியை மாதம் ஒருமுறை இடுப்பில் போடுகிறார்கள். வயிற்றுப்போக்கு வரும், பித்தப்பையில் கல் சேரலாம், அதனால் ஸ்கேன் பார்க்க வேண்டும். இது போதாதவர்களுக்கு பெக்விசோமன்ட் உண்டு. வளர்ச்சி ஹார்மோன் மிகுந்து பெரியவர்களுக்குக் கை, கால், முகம் பெருக்கும் அக்ரோமெகலி நோய்க்காக 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. ஹார்மோனைக் குறைக்காமல் அது வேலை செய்யும் இடத்தை அடைப்பதால், இதைப் போடும்போது ஐ.ஜி.எஃப்-1ஐத்தான் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு அனுபவமுள்ள நிபுணர் மட்டுமே தர வேண்டியது.

எனக்கு ஆறுதல் தந்த செய்தி ஒன்று: இது ஆயுள் முழுக்கப் போட வேண்டிய ஊசியாக இருக்க வேண்டியதில்லை. சில பிள்ளைகளுக்கு இந்த மிகைச் சுரப்பு தானாகவே அடங்கிவிடுகிறது. சிலருக்குப் பின்னாளில் பற்றாக்குறைகூட வருகிறது. அதனால் அவ்வப்போது ஊசியை நிறுத்திப் பார்ப்பார்கள். தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

வயதுவாரியான உயர அட்டவணையை, குழந்தை ஹார்மோன் மருத்துவர் ஒருவரின் விளக்கத்தோடு, அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள்.

ஒரு தாய்,
தஞ்சாவூர்.