பலகையை வெட்டுவதற்கு முன்

அன்புள்ள சேது,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. அதற்கு நீ எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் அதற்கு முன் ஆசாரிக்கு ஒரு போன் போட்டு வேலையை நிறுத்தச் சொல். நீ கட்டப்போகிற லெகோ ரயில் நகரத்துக்கு அனுப்பிய வரைபடத்தை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதில் கணக்கு நிறைய இருக்கிறது, நீ பாதி கேட்டுவிட்டு "சரி சரி" என்பாய். அதனால்தான் கடிதம்.

எட்டுக்கு நாலு ப்ளைவுட்டை முழுசாகச் சுவரோடு சேர்த்துப் போட்டு, மூலையில் ஒரு மலை, மலைக்குள் சுரங்கம், சுரங்கத்துக்கு மேலே இன்னொரு ரயில் பாதை, அத்தனையையும் பசை போட்டு ஒட்டிவிடுவது. இதுதானே உன் திட்டம்? சேது, உனக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல். அந்த எட்டடிப் பலகை மாடிப்படி திரும்புகிற இடத்தில் எப்படி இறங்கும்? திருச்சியில் உன் கட்டிலை அறுத்து இறக்கினோமே, அது நினைவிருந்தால் போதும்.

என் வாதம் ஒன்றுதான். லெகோ நகரத்தில் எந்தத் துண்டும் இரண்டு கையால் தூக்கி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கட்டிடம், தண்டவாளம், மலை, மேஜை, எல்லாமே. ரயில் கவிழ்ந்தால் எடுக்கணும், விளக்கு அணைந்தால் ஒயரைப் பார்க்கணும், தூசி தட்டணும், ஊர் மாறணும். ஒட்டிய நகரத்தில் இதில் எதுவும் நடக்காது.

இனி கணக்கு. ஸ்டட், அதாவது லெகோ துண்டின் தலையில் இருக்கிற குமிழ், ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு 8 மி.மீ. நகரத்துக்குத் தரையாகப் போடுகிற 32க்கு 32 ஸ்டட் பேஸ்பிளேட் ஒரு பக்கம் 25.6 செ.மீ. உன் ப்ளைவுட்டின் அகலம் 122 செ.மீ. அதில் நாலு பிளேட் பிடிக்கும், 20 செ.மீ. சும்மா கிடக்கும். அதைவிட மோசம், சுவரோரமாகப் போட்டால் பின்வரிசைக்கு உன் கை எட்டாது. நின்றுகொண்டு குனிந்தால் சுகமாக எட்டுவது 75 செ.மீ. வரைதான். அதற்கு அப்பால் ரயில் கவிழ்ந்தால், அதை எடுப்பதற்குள் முன்னால் இருக்கிற விளக்குக் கம்பம் இரண்டு போயிருக்கும்.

அதே நேரம் 75 செ.மீ.க்கு ரொம்பக் குறைக்கவும் முடியாது. லெகோ வளைவுத் தண்டவாளம் ஒரே அளவுதான் வருகிறது: மையத்திலிருந்து தண்டவாளத்தின் நடுவுக்கு 40 ஸ்டட், பதினாறு வளைவு சேர்ந்தால் ஒரு முழு வட்டம். தண்டவாளத்தின் அகலம் 8 ஸ்டட். ஆக வட்டத்தின் வெளி விட்டம் 88 ஸ்டட். மூன்று பிளேட் என்றால் 96. இரண்டு பக்கமும் நாலு நாலு ஸ்டட் மிச்சம். ஆகவே ஆழம் மூன்று பிளேட், 76.8 செ.மீ. தோளை முன்னால் கொடுத்தால் கடைசி வரை கை எட்டும்.

இப்போது நீளத்துக்கு வா. இதைப் படிக்கும்போது ஒரு தாளில் போட்டுப் பார். மூன்று பிளேட் ஆழம், இரண்டு பிளேட் நீளம் கொண்ட பலகை ஒன்று. அதுபோல ஆறு. வரிசையாகச் சேர்த்தால் 12 பிளேட் நீளம், 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. உன் மாடி அறையின் நீளச் சுவர் பன்னிரண்டடி என்று எழுதியிருந்தாய், தாராளமாக அடங்கும். மொத்தம் 384 ஸ்டட். ஓரத்துக்கு எட்டு, இரண்டு வளைவுக்கும் சேர்த்து 88 கழித்தால் 288. நேர்த் தண்டவாளம் ஒன்று 16 ஸ்டட், ஆக ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு, மிச்சமே இல்லை. மொத்தம் வளைவு 16, நேர் 36. ரயில் பெட்டியோடு வட்டத்துக்கு வேண்டிய வளைவு வந்துவிடும், நேர்த் தண்டவாளம்தான் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

அழகு இனிமேல்தான். ஓரத்திலிருந்து நாலு ஸ்டட் விட்டு வளைவு தொடங்கி 48ஆவது ஸ்டட்டில் முடிகிறது. அதற்கப்புறம் ஒரு நேர்த் தண்டவாளம் போட்டால் 64. பலகையும் 64இல்தான் முடிகிறது! அடுத்த பலகையில் சரியாக நாலு நேர்த் தண்டவாளம், அதற்கடுத்ததிலும் நாலு. ஒவ்வொரு பலகை முடிகிற இடத்திலும் ஒரு தண்டவாளக் கூடல் வந்து விழுகிறது. எந்தத் தண்டவாளமும் இரண்டு பலகைக்குக் குறுக்கே கிடக்காது. நடுவிலிருந்து ஒரு பலகையைத் தூக்க வேண்டுமென்றால் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, நாலு கூடலைப் பிரித்தால் போதும். இதற்காகத்தான் ஆசாரியை நிறுத்தச் சொன்னேன்.

ஒரே ஷீட்டில் ஆறு பலகையும் கிடைக்கும்: நீளவாக்கில் மூன்று, அகலவாக்கில் இரண்டு. ஆனால் ஆசாரியிடம் 768க்கு 512 மி.மீ. என்று சொல்லாதே. 766க்கு 510 என்று சொல். இரண்டு மில்லிமீட்டர் குறைவாக, அதுவும் ஸ்கேல் வைத்து அளந்து, ரம்பம் தின்கிற மூன்று மில்லிமீட்டரைத் தனியாகக் கணக்குப் போட்டு. காரணம் இதுதான். பலகை பிளேட்டைவிட ஒரு நூல் பெரிதாக இருந்தாலும் மரமும் மரமும் முதலில் முட்டிக்கொள்ளும், பிளேட்டுக்கு நடுவே இடைவெளி விழும். ஒரு கூடலில் இரண்டு மில்லிமீட்டர் என்றால் ஐந்து கூடலில் ஒரு சென்டிமீட்டர். தண்டவாளம் ஒரு ஸ்டட்டுக்கு மேல் விலகிப்போகும், கடைசித் துண்டு எந்தக் காலத்திலும் உட்காராது. பலகை சிறிதாக இருந்தால் பிளேட் நாலு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் முத்தமிடும்.

ப்ளைவுட் 12 மி.மீ. கனம் போதும், தண்ணீர் தாங்குகிற ரகமாக வாங்கு. பலகை ஒன்று சுமார் மூன்று கிலோதான் வரும். மிஞ்சுகிற 13 செ.மீ., 19 செ.மீ. கீற்றுகளை ரீப்பராகக் கிழித்து அடியில் நிமிர்த்தி அடித்துவிடச் சொல், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பலகை வளையும். பக்கத்துப் பலகையோடு இணைக்க ரீப்பரில் ஓட்டை போட்டு போல்ட், விங் நட். நடுவே அந்த இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு வாஷர் போடு. முடுக்கினதும் பிளேட் மேலெழும்பினால் வாஷர் மெலிசு என்று அர்த்தம், இன்னொன்று போடு.

பேஸ்பிளேட் 36 வாங்காதே, 28 போதும். இரண்டு ஓரப் பலகைக்கு ஆறு ஆறு, நடுவில் நாலு பலகைக்கும் முன்வரிசை பின்வரிசை மட்டும். நடுவரிசையில் கட்டிடங்கள் வந்து உட்காரும், அவை தங்கள் பேஸ்பிளேட்டோடுதான் வருகின்றன. பேஸ்பிளேட்டின் அடிப்பக்கம் வழவழப்பு, எந்த ஸ்டட்டையும் பிடிக்காது. அதனால் பேஸ்பிளேட் மேல் பேஸ்பிளேட் வைப்பது காசுக்கும் கேடு, கட்டிடமும் ஆடும். பலகைக்குள் இருக்கும் பேஸ்பிளேட்டுகளை அவை சேருகிற இடத்தில் 2க்கு 4 சின்னப் பிளேட் (பிரிக் என்கிற சாதாரணக் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள மெல்லிய துண்டு) கொண்டு பாலம் போட்டுக் கட்டு, நடுவில் இரண்டு இடத்தில் இரட்டைப் பக்க டேப். ஆணி வேண்டாம், பசை கூடவே கூடாது. பலகையும் பலகையும் சேருகிற இடத்தில் மட்டும் பாலம் போடாமல் விடு.

குறுக்கே எப்படிப் பிரிகிறது என்று பார். ஓரத்தில் 4 ஸ்டட், தண்டவாளம் 8, அதற்கப்புறம் 20, பிறகு கட்டிடம் 32, பின்னால் மறுபடியும் 20, தண்டவாளம் 8, ஓரம் 4. முன்னால் இருக்கும் இருபதில் சாலைக்கு 16, வேலிக்கும் மரத்துக்கும் 4. 2021இல் வந்த புதுச் சாலைத் துண்டு சரியாக 16 ஸ்டட் அகலம், அடியில் பிடிப்பும் உண்டு. ஆனால் அது இரண்டு சின்னப் பிளேட் கனம், 6.4 மி.மீ. கட்டிடத்தின் நடைபாதை அதைவிடத் தாழ்ந்து போனால் பார்க்க நன்றாக இருக்காது. முதலில் ஒரே ஒரு கட்டிடத்தை வைத்துப் பார்த்து, தாழ்ந்தால் அடியில் மெலிசாக ஒரு அட்டை வெட்டிக் கொடு. பின்னால் இருக்கும் இருபதில் ஸ்டேஷன் பிளாட்பாரம், கொட்டகை.

நடுவரிசையில் எட்டுக் கட்டிடம் வரும். லெகோவின் மாடுலர் கட்டிட செட்டுகளில், 2007இல் வந்த முதல் கஃபேயிலிருந்து, பெரும்பாலானவற்றுக்கு ஒரே அளவு, பக்கத்துச் சுவரில் ஓட்டை வைத்த டெக்னிக் பிரிக், அதில் பின் செருகி ஒன்றோடொன்று கோத்துவிடலாம். செருகாதே! கோத்துவிட்டால் நடுவில் இருப்பதை நேராக மேலே தூக்க முடியாது, முழு வரிசையையும் பக்கவாட்டில் நகர்த்தணும். அவற்றின் கனமே அவற்றை நிற்க வைக்கும்.

மலைக்கு வருகிறேன். உனக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்லித்தான் ஆகணும். மேல் பாதை நடக்காது. ஒரு ரயிலுக்கு மேல் இன்னொரு ரயில் போக நடுவில் குறைந்தது 11 பிரிக் உயரம் வேண்டும், அதாவது 33 சின்னப் பிளேட். வண்டி சிரமப்படாமல் ஏறுவது ஒரு நேர்த் தண்டவாளத்துக்கு ஒரு பிளேட் வீதம், நூற்றுக்கு இரண்டரைச் சரிவு. அப்படியானால் ஏறவே 33 தண்டவாளம், இறங்க இன்னொரு 33. உன்னிடம் ஒரு பக்கம் 18தான் இருக்கிறது. ஒரு தண்டவாளத்துக்கு ஒரு பிரிக் என்று செங்குத்தாக ஏற்றினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ஏறினாலும், உச்சியில் பாதை மடங்குகிற இடத்தில் காந்தக் கொக்கி விட்டுப்போய்ப் பின்பெட்டிகள் தனியாக இறங்கிவரும். மலையை வை, பாதையை ஏற்றாதே. மலை உள்ளே கூடாக இருக்கட்டும், உச்சி மூடிபோலத் தூக்க வரட்டும், சுரங்கம் உன் முழங்கைக்கு மேல் நீளக் கூடாது. உள்ளே நிரப்ப நிலா விளையாடிவிட்டுப் போட்ட டுப்ளோவை எடு. டுப்ளோ எல்லா அளவிலும் இரண்டு மடங்கு, சாதாரண 2க்கு 4 பிரிக் அதன் தலையில் சரியாகப் பிடிக்கும். ஒரு டுப்ளோ எட்டு பிரிக்கின் இடத்தை அடைத்துக்கொள்ளும், வெளித்தோலுக்கு மட்டும் நல்ல பிரிக் செலவழித்தால் போதும்.

வண்டி கவிழ்வதற்குப் பெரும்பாலும் காரணம் மூன்று. கூடல் ஒரு மயிரிழை திறந்திருப்பது. இடப்பக்கம் வளைந்து நடுவில் நேர்த் துண்டு இல்லாமல் உடனே வலப்பக்கம் வளைவது. கனமான பெட்டியைக் கடைசியில் கட்டுவது, அப்போது நடுவில் இருக்கிற காலிப் பெட்டி வளைவில் உள்பக்கம் இழுபட்டுச் சாயும். கனமானது எஞ்சினை ஒட்டி இருக்கட்டும். இந்த மூன்றும் இல்லாமல் வண்டி தானாக மெதுவானால் சக்கரத்தைத் திருப்பிப் பார்: அச்சில் ஒரு நீளத் தலைமுடி நூல்கண்டு மாதிரிச் சுற்றியிருக்கும். பத்மாவிடம் ஒரு ட்வீசர் வாங்கி வைத்துக்கொள். ரயிலை ஓட்டுகிற ஹப் என்ற பேட்டரிப் பெட்டிக்குள் AAA என்று அச்சிட்ட சின்ன பேட்டரி ஆறு போகும். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் ஒன்பது வோல்ட்டுக்குப் பதில் ஏழு சொச்சம்தான் கிடைக்கும், கொஞ்சம் மெதுவாக ஓடும். அது பழுதல்ல.

விளக்கு போடுவதானால் ஒவ்வொரு பலகைக்கும் ஒரே ஒரு பிளக். பலகையைத் தாண்டி இரண்டு ஒயர் போனால் எதைப் பிடுங்குவது என்று தெரியாமல் ஒரு நாள் இழுத்து அறுத்துவிடுவாய்.

உன் அறையில் எனக்குப் பயம் அந்த மேற்கு ஜன்னல்தான். வெயில் பட்டால் வெள்ளை, வெளிர் சாம்பல், நீலம் மூன்றும் பழுத்துவிடும். கண்ணாடி வழியாக வந்தாலும் பழுக்கும். கனமான திரை போடு. செம்பழுப்பு நிற பிரிக் பழைய சரக்காக வாங்கினால் கவனம், ஒரு காலத்தில் வந்தவை கையில் எடுத்தாலே கிளிப் உடைந்துபோகிற அளவுக்கு மொறுமொறு. கழுவினால் 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம். பேஸ்பிளேட்டைச் சுவரில் சாய்த்து வைக்காதே, வளைந்துபோகும், படுக்க வை. தூசிக்கு மேக்கப் பிரஷ். மூடி வைக்க வேட்டி எடுக்காதே, நூல் மாட்டிக்கொண்டு கொடிக்கம்பத்தையெல்லாம் பிடுங்கிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு நல்லது, பல்லிக்கும் அதுதான் வழி.

இன்னொன்று, இதைக் கோபப்படாமல் படி. பசை போடுவதற்குக் காரணம் நிலா என்று எழுதியிருந்தாய், தொட்டால் உடைத்துவிடுவாள் என்று. சேது, 1955இல் டென்மார்க்கில் அந்தக் கம்பெனி முதலில் விற்ற நகரமே குழந்தைகள் தரையில் விரித்து, சாலை போட்டு, கலைத்துக் கலைத்துக் கட்டுவதற்காக வந்ததுதான். 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிரிக் இன்றைக்கு வாங்கும் பிரிக்கோடு பொருந்துகிறது. அதைப் போய் ஒட்டுவதா? மேஜை உயரத்தை 70 செ.மீ.யாக வை, அவள் நின்றபடியே ரயிலைப் பார்க்கலாம். ஓரப் பலகை ஒன்றை அவளிடமே கொடுத்துவிடு. அவள் கலைத்தாலும் மற்ற ஐந்தும் நிற்கும்.

மணியைப் பார்த்தால் விசாரித்ததாகச் சொல். அம்மாவின் கண் ஆபரேஷன் தேதி முடிவானதும் எனக்குத் தெரிய வேண்டும், அதை மறக்காதே.

ஆசாரி ஆறையும் ஒரே நாளில் வெட்ட வேண்டாம். முதலில் ஒன்றை மட்டும் வெட்டட்டும். அதில் ஆறு பேஸ்பிளேட்டையும் இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்து, நாலு ஓரத்திலும் மேலிருந்து கீழாக நகத்தை இழுத்துப் பார். நகம் பிளாஸ்டிக்கைத் தாண்டியதும் உள்வாங்க வேண்டும். எங்காவது மரத்தில் தட்டினால் அந்தப் பக்கத்தை இழைக்கச் சொல்லிவிட்டு எனக்குப் போன் போடு.

அன்புடன்,
ரகு