ருவாண்டா புறப்படும் மகளுக்கு

அன்பு மகளே,

விசா வந்துவிட்டது என்று நீ போனில் சொன்னதும் அம்மா சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னாள். நான் பேசாமல் இருந்ததை நீ கவனித்திருப்பாய். வருத்தம் எதுவும் இல்லையம்மா. ருவாண்டாவில் நான் ஊழியம் செய்த வருஷங்கள் எல்லாம் ஒரேயடியாக வந்து நெஞ்சை அடைத்துவிட்டன. போனில் வராத பேச்சை எழுதி அனுப்புகிறேன்.

தலைநகர் கிகாலியில் இறங்கிய வாரமே நியமாட்டாவுக்குப் பஸ் ஏறு. அங்கே இருக்கும் பழைய ஆலயம் இப்போது நினைவிடம். 1994 ஏப்ரலில், ஹூட்டு இனத்துத் தீவிரவாதிகள் சிறுபான்மைத் துட்சி இனத்தாரை அழிக்கக் கிளம்பியபோது, கோயிலுக்குள் வந்து யாரும் வெட்டமாட்டார்கள் என்று நம்பி ஓடிவந்த ஆயிரக்கணக்கான துட்சி மக்களை அங்கேயே கொன்றுபோட்டார்கள். நான் போனபோது அவர்களுடைய உடுப்புகள் பெஞ்சு பெஞ்சாகக் குவிந்திருந்தன. எல்லாம் ஒரே மண் நிறம். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக அவற்றின்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சின்னச் சட்டையில் கழுத்துப் பொத்தான் மட்டும் போட்டபடியே இருந்தது. அதைப் போட்டுவிட்ட தாயை நினைத்தேன். அன்றைக்கு எனக்கு ஜெபம் வரவில்லை.

சுவிசேஷம் எட்டாத தேசத்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டு நீ போகக் கூடாது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். கத்தோலிக்க மிஷனரிகள் 1900இலேயே அங்கே போய்விட்டார்கள். 1994இல் ஜனங்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே ஆலயத்தில் நற்கருணை வாங்கியவர்கள். சுமார் 100 நாளில் 8 லட்சம் பேர் செத்தார்கள்; 10 லட்சத்துக்கும் மேல் என்பது அரசாங்கக் கணக்கு. துட்சிகள் ஆளப் பிறந்தவர்கள், ஹூட்டுகள் உழைக்கப் பிறந்தவர்கள் என்று பிரித்துப் பார்த்ததில் மிஷன் பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. 1930களில் பெல்ஜியக்காரர்கள் அந்தப் பிரிவை அடையாள அட்டையிலேயே எழுதிவைத்தார்கள். 60 வருஷம் கழித்துச் சாலைத் தடுப்புகளில் அதே அட்டையைக் கேட்டு வாங்கித்தான் கொன்றார்கள்.

நியாங்கே என்ற ஊரில், உள்ளே சுமார் 2,000 பேர் ஒளிந்திருந்த ஆலயத்தைப் புல்டோசர் வைத்து இடித்தார்கள். அதற்கு உடந்தையாக இருந்தவர் அந்த ஆலயத்தின் குருவானவரே. ருவாண்டா படுகொலைகளை விசாரித்த சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2008இல் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அது கத்தோலிக்கர் காரியம் என்று நாம் ஒதுங்கவும் முடியாது. புராட்டஸ்டண்ட் போதகரும் தண்டனை பெற்றிருக்கிறார். அதே நாட்களில் கிசெனியில் ஃபெலிசித்தே நியிதெகெகா என்ற ஹூட்டு சகோதரி, தன்னிடம் அடைக்கலம் வந்த துட்சிகளை விட்டுப் போகமாட்டேன் என்று அவர்களோடு செத்தார். அவர் பெயரை மறந்துவிடாதே.

இனி என் தப்பைச் சொல்கிறேன். போன புதிதில், ஒரு ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினேன். "கடவுள் பகலில் எங்கே இருந்தாலும் ராத்தங்க ருவாண்டாவுக்கு வந்துவிடுவார்" என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. அதை அப்போதுதான் கற்றிருந்தேன். அவர்கள் பாஷையான கினியாருவாண்டாவிலேயே சொல்லி ஜனங்களைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்தேன். இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, மழையில் வெளியே போய்விட்டார்.

அவருடைய இரண்டு அண்ணன்மாரும் ஒரு ஆலயத்துக்குள் செத்தவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். அப்புறம் பல வாரம் அப்படியே போய் வந்தேன். ஒருநாள் அவராகவே பேசினார். அண்ணன்மாரைக் கொன்றவன் மூன்று வீடு தள்ளி இருக்கிறானாம். கச்சாச்சா என்று அப்போது புல்தரையில் கூடிய ஊர்ப் பஞ்சாயத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, புதைத்த இடத்தையும் காட்டினானாம். "மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை. ஆனால் ஏப்ரலில் மட்டும் அவன் வீட்டு வழியாக ஆலயத்துக்குப் போகமாட்டேன். சுற்றிப் போவேன்" என்றார். எனக்கு அவ்வளவு நாள் தெரியாத வேதபாடம் அது. அடுத்த ஏப்ரலில் நான் பிரசங்கம் பண்ணவில்லை. வேதவாசிப்பு, ஜெபம், அவ்வளவுதான்.

நீ ஹூட்டுவா துட்சியா என்று யாரிடமும் கேட்காதே. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள், திருப்பி யாரிடமும் சொல்லாதே. சாட்சி சொல்லச் சொல்லி யாரையும் மேடையேற்றாதே. அறிக்கைக்காகப் படம் கேட்டு மிஷன் ஆபீஸிலிருந்து எழுதுவார்கள். இல்லை என்று எழுது, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பாஷையை முதல் வருஷம் முழுக்கப் படி.

அந்த அம்மா இன்னும் இருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தார். ஊர் விவரம் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். என் மகள் என்று சொல்லிப் போய் உட்கார். ஏப்ரலில் நீ அங்கே இருந்தால், ஞாயிறு காலையில் சீக்கிரமே கிளம்பி அவர் வீட்டுக்குப் போ. சுற்றுவழி தூரம் அதிகம், அந்த மாதம் சேறாகவும் கிடக்கும். அவருக்கு வயதாகிவிட்டது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ.

உன் அப்பா