லேசர் பிரிண்டரை எப்போது கைவிடலாம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுச் சாதனங்கள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், ஐந்து வருடம் ஓடிய லேசர் பிரிண்டரைப் பழுது பார்ப்பது தண்டச் செலவு என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருந்தது. இங்க்ஜெட்டைப் பற்றி அப்படிச் சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். லேசர் பிரிண்டருக்கு வயது ஒரு கணக்கே இல்லை. எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதுதான் கேள்வி. அதைப் பெரும்பாலும் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பேப்பரை இழுக்க மறுக்கிறதா? பிக்கப் ரோலரின் ரப்பர் வழவழத்துப் போயிருக்கும். சற்றே ஈரமான, பிசிறில்லாத துணியால் துடைத்துக் காயவிட்டாலே பல நேரம் சரியாகிவிடும். ஆகாவிட்டால் ரோலரை மட்டும் மாற்றலாம். இதற்காகப் புது மெஷின் வாங்குவது, டயர் தேய்ந்ததற்கு வண்டியை விற்பது மாதிரி.

தாளில் ஒரே கறுப்புப் புள்ளி திரும்பத் திரும்ப விழுந்தால் ஸ்கேல் எடுத்து இடைவெளியை அளந்து பாருங்கள். எழுத்தின் உருவத்தைத் தாளில் பதிக்கும் உருளைக்குத்தான் டிரம் என்று பெயர். சிறிய பிரிண்டர்கள் பலவற்றில் அதன் சுற்றளவு சுமார் 75 மி.மீ. புள்ளிகளும் அதே இடைவெளியில் வந்தால் டிரம்மில் கீறலோ அழுக்கோ இருக்கிறது. டிரம்மும் டோனரும் (மைத்தூள்) ஒரே கார்ட்ரிட்ஜில் இருக்கும் மாடல் என்றால், கார்ட்ரிட்ஜை மாற்றியதும் கோளாறும் போய்விடும். டிரம் தனியாக வரும் மாடல்களில்தான் விலையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

அச்சான எழுத்து விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தால் சந்தேகம் பியூசர் மீது. டோனர் தூளை உருக்கித் தாளோடு ஒட்டவைப்பது அதுதான். தடித்த தாள் என்றால் முதலில் செட்டிங்கில் தாளின் வகையை மாற்றிப் பாருங்கள். எழுத்தே மங்கலாக, கோணலாக வருகிறது, கோளாறு எங்கே என்று புரியவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு: அச்சாகும்போது பாதியில் மூடியைத் திறந்து தாளை மெதுவாக வெளியே எடுங்கள். பியூசருக்குள் நுழையாத பகுதியில் எழுத்து ஒழுங்காக இருந்தால் அதற்கு முந்தைய பாகங்கள் நன்றாகவே இருக்கின்றன என்று அர்த்தம். உள்ளே விரலை விட்டுவிடாதீர்கள், பியூசர் 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். சிறிய வீட்டு மெஷினில் பியூசரோ, லேசர் யூனிட்டோ, மெயின் போர்டோ போய்விட்டால் உதிரிப்பாகமும் கூலியும் சேர்ந்து புது விலையை நெருங்கிவிடும். அந்த இடத்தில் உங்கள் கட்டுரையாளர் சொன்னது சரி.

ஆனால் புது விலையைக் கணக்கிடும்போது எல்லோரும் ஒன்றை மறக்கிறார்கள். பெட்டியோடு வரும் டோனர் பல மாடல்களில் 'ஸ்டார்ட்டர்' கார்ட்ரிட்ஜ்தான், முழு அளவு இருக்காது. சீக்கிரமே தனியாக ஒன்று வாங்க வேண்டிவரும். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் ரிப்பேர் செலவோடு ஒப்பிட வேண்டும். எழுத்துத் தரத்திலும் பெரிய லாபம் எதிர்பார்க்க வேண்டாம். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அச்சு 1992-லேயே மேசை லேசர் பிரிண்டர்களுக்கு வந்துவிட்டது. வெறும் எழுத்து அச்சடிக்க இன்றைக்கும் அதுவே தாராளம்.

என்னைக் கேட்டால், நல்ல மெஷினைக் கைவிட வைக்கும் நியாயமான காரணம், கணினியைப் பிரிண்டரோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர்தான். பக்கத்தை உருவாக்கும் வேலை முழுவதையும் கணினியின் தலையில் கட்டும் மலிவு மாடல்களுக்கு அவற்றுக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். கம்பெனி அதை நிறுத்திவிட்டால், புது கணினி வாங்கிய அன்றே பிரிண்டர் ஊமையாகிவிடும். பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பரவலான அச்சு மொழிகளைப் புரிந்துகொள்ளும் மாடல்கள் பொது டிரைவரிலேயே காலம் தள்ளும். வைஃபை இல்லை என்பதற்காக மட்டும் மாற்ற நினைப்பவர்கள், யூஎஸ்பியில் இணைத்த பழைய கணினி ஒன்றிலிருந்து நெட்வொர்க்கில் பகிர முடிகிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

கடைசியில் புதிதுதான் என்று முடிவானால், விலைச்சீட்டைப் பார்க்கும் முன் கார்ட்ரிட்ஜில் சிப் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ரீஃபில் டோனரை ஏற்காமல் அடம்பிடிக்கும் பிரிண்டர்கள் இருக்கின்றன. வாங்கும்போது ஏற்றுக்கொண்டு, பிறகு தானாக இறங்கும் ஃபர்ம்வேர் (பிரிண்டரின் உள் மென்பொருள்) அப்டேட்டுக்குப் பின் மறுப்பவையும் உண்டு. அந்த வம்பு இல்லாத பழைய மெஷின் கையில் இருந்தால், ஒரு ரோலர் செலவைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்