அவளே வேண்டாம் என்றாளாம்

அன்புள்ள கோமதிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே அண்ணன், பிள்ளைகள் சுகம்தானே? உன் முழங்கால் சங்கதியைப் பெரியக்கா சொன்னார். டாக்டர் நடக்கச் சொன்னால் நடக்க மாட்டாய், மொட்டை மாடியில் வடகம் காயப்போட மட்டும் ஓடுவாய். விடுதி வார்டனையே ஏய்த்தவள், உனக்கு டாக்டர் எம்மாத்திரம்!

மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் வங்கிக் கிளையில் கடன் பிரிவைப் பார்க்கிற பெண்ணைப் பற்றி உன்னிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன். கடன் கேட்டு வருகிறவரின் பட்டறைக்கே போய், மெஷின் ஓடுகிறதா, சரக்கு நகர்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் நோட் போடுவாள். அவள் பார்த்துக் கொடுத்த கடன் வாராக் கடனாகி நான் கண்டதில்லை. ஸ்கேல் த்ரீ, அதாவது சீனியர் மேனேஜர் பிரமோஷன் பட்டியலில் அவள் பெயர் வந்தது. கிளை முழுக்கக் கேசரி. மறுநாள் காலையிலேயே என் மேசையில் ஒரு தாளை வைத்தாள். "மேடம், ஃபார்வர்ட் பண்ணிடுங்க."

குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பதவி உயர்வை ஏற்க இயலவில்லையாம். இரண்டே வரி. கடன் நோட் எழுதுகிற அதே குண்டு குண்டான கையெழுத்து. கீழே போட்ட கையொப்பம் மட்டும், தாளைத் திருப்பித் தடவினால் விரலில் தட்டுகிற அளவுக்கு அழுந்தியிருந்தது.

பிரமோஷன் என்றால் வெளி மாநிலம். மகன் பத்தாவது. மாமியாருக்கு டயாலிசிஸ். கணவர் நல்ல மனிதர்தான், "உன் இஷ்டம்" என்றாராம். எனக்கு அதில்தான் ஆத்திரம், கோமதி. பையன் அவள் பொறுப்பு, மாமியார் அவள் பொறுப்பு, அப்புறம் இஷ்டம் எங்கிருந்து வரும்? அதே பட்டியலில் வந்த பக்கத்து இருக்கைத் தம்பிக்கும் பத்தாவது படிக்கிற மகள் இருக்கிறாள், படுத்த படுக்கையாய் அப்பா இருக்கிறார். அவன் பெட்டி கட்டிவிட்டான். அவனைக் குறை சொல்லவில்லை. அவன் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருக்கிறாள், அவ்வளவுதான்.

மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "அவங்களே வேண்டாம்னுட்டாங்க, நாம என்ன மேடம் செய்ய முடியும்?" ஃபைலிலும் அப்படித்தான் ஏறும். இனிச் சில வருஷம் அவள் பெயரை எடுக்க மாட்டார்கள். ஜெனரல் மேனேஜர் என்றால் ஸ்கேல் செவன். ஒவ்வொரு ஸ்கேலிலும் இத்தனை வருஷம் இருந்தாக வேண்டும், அறுபதில் ரிடையர்மென்ட். இந்த வயதில் ஒரு படி தவறினால் மேலே போய்ச் சேர வருஷம் மிச்சமிருக்காது. பிற்பாடு உச்சிப் பதவிக்கு ஆள் தேடுகிறவர்கள், தகுதியான பெண்கள் இல்லையே என்று கையை விரிப்பார்கள். நடுவழியிலேயே நிறுத்திவிட்டு எங்கே தேடுவது?

ரஞ்சனா குமார் இந்தியன் வங்கிக்குத் தலைவராக வந்தது 2000-இல். நஷ்டத்தில் கிடந்த வங்கியை அவர் தூக்கி நிறுத்தியதை நாமே பார்த்தோம். ஸ்டேட் பாங்குக்கு 2013-இல் அருந்ததி பட்டாச்சார்யா வந்தார். இடமாற்றத்தில் மகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காமல், வேலையையே விட்டுவிடலாமா என்று தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் காலத்தில்தான் அந்த வங்கியில் பெண்கள் பிள்ளைக்காக, பெரியவர்களுக்காக இரண்டு வருஷம் வரை விடுப்பு எடுக்க வழி பிறந்தது. பட்டவருக்குத்தானே தெரியும்! அவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு இன்னொரு பெண் வரவில்லை.

உங்கள் காரைக்குடிப் பக்கத்துச் சேதியும் ஞாபகம் வந்தது. முருகப்பா குடும்பத்து வள்ளி அருணாச்சலம், அணுப் பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், அப்பா காலமான பிறகு குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸின் இயக்குநர் போர்டில் இடம் கேட்டாரே. 2020-இல் பங்குதாரர் ஓட்டெடுப்பில் 91 சதவீதத்துக்கு மேல் எதிர் ஓட்டு. 2023-இல்தான் குடும்பத்துக்குள் சமரசமானது. ஆனால் அங்கே வேண்டாம் என்றவர்கள் வேறு ஆட்கள். ஓட்டை எண்ணலாம், நியாயம் கேட்கலாம். இவளை இவள் கையெழுத்தைக் கொண்டே நிறுத்திவிட்டார்கள். யார் மேல் போய் நியாயம் கேட்பாள்?

தாளை நான் இன்னும் அனுப்பவில்லை. மாசக் கடைசி வரை கெடு இருக்கிறது. "வேண்டாம்னு எழுதாதே, ஏத்துக்கிறேன், இதே மண்டலத்துல போஸ்டிங் கொடுங்கன்னு எழுது" என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய்க் கணவரோடும் பேசப் போகிறேன். டயாலிசிஸுக்கு அவர் ஏன் கூட்டிப் போகக் கூடாது என்று கேட்கத்தான்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். பெண் ஊழியர்களை முடிந்தவரை கணவர் இருக்கிற ஊரிலோ பக்கத்திலோ போடச் சொல்லி 2014-இல் நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்கு எழுதியது. உன் நாத்தனார் ஆபீசர்ஸ் யூனியனில் இருந்தவராயிற்றே, அவரிடம் அந்தச் சுற்றறிக்கை இருக்கும். போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல். ஞாயிறுக்கு முன்னால் கிடைத்தால் கையோடு எடுத்துப் போவேன்.

அன்புடன்,
உன் ராஜி