காலைல ஆறு மணி பேட்ச் எங்களுக்கும் வேணும்

எங்க ஊர் நீச்சல் குளத்த நடத்துற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் உங்க குளத்துக்கு ஒரு வருஷமா வந்துட்டு இருக்கேன், வயசு 43, வாரத்துல நாலு நாள், பதினொன்றரை மணி லேடீஸ் பேட்ச். மொதல்ல நன்றி சொல்லிடறேன். சேரும்போது 84 கிலோ, ரெண்டு முட்டியிலயும் தேய்மானம், வெயிட்ட குறைக்கணும்னா நடங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, நடந்தா ராத்திரி கால நீட்டி படுக்க முடியல. இப்ப 77. சோத்தையும் பாதியா குறைச்சேன், அதையும் சொல்லணும், ஏன்னா தண்ணிய விட்டு வெளிய வந்தா அப்படி ஒரு பசி எடுக்கும், அந்த நேரம் பாத்து போண்டா கடையில நின்னா நீந்துனது அத்தனையும் அங்கேயே போயிடும்.

கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னா நம்ம எடையில பத்துல ஒரு பங்குதான் கால்ல இறங்குமாம். அது எனக்கு மொத நாளே தெரிஞ்சிடுச்சு, பல வருஷம் கழிச்சு முட்டி வலிக்காம நின்னேன், அழுகையே வந்துடுச்சு. உங்க கோச் அக்கா விவரமானவங்க, தவளை மாதிரி கால உதைக்குற பிரெஸ்ட் ஸ்ட்ரோக் முட்டிய இழுக்கும், உனக்கு வேணாம்மான்னு சொல்லி, கைய மாத்தி மாத்தி போட்டு நீந்துற ஃப்ரீஸ்டைல் மட்டும் கத்து குடுத்தாங்க. மூச்ச தண்ணிக்குள்ள விடணும்ங்கறது புரியவே எனக்கு மூணு வாரம் ஆச்சு.

நான் கிராமத்துல பொறந்தவ. எங்க கெணத்துல அண்ணனுங்க முதுகுல சுரைக்குடுக்கைய கட்டிட்டு நீச்சல் கத்துகிட்டாங்க, அப்பாதான் கூட எறங்குவாரு. எங்கள கெணத்து மேட்டுப் பக்கமே விட மாட்டாங்க, பொம்பளப் புள்ள தண்ணியில குதிச்சா ஊரு என்ன பேசும்னு அம்மாச்சி சொல்லும். எங்க பேட்ச்ல பாதி பேருக்கு இதே கதைதான், நாப்பது வயசுல கம்பிய புடிச்சிட்டு மூக்குல தண்ணி ஏற ஏற கத்துகிட்டவங்க. அதனாலதான் இப்ப கேக்குறேன்.

பதினொன்றரை மணிக்கு யாரு சார் வர முடியும்? நான் வீட்லயே தையல் மிஷின் போட்டிருக்கேன், ஓடி வந்துடறேன், வேலைக்கு போற டீச்சர், நர்ஸ், கடையில நிக்கிற பொண்ணுங்க எப்படி வருவாங்க, மேல கூரையும் இல்ல, வெயில் மண்டைய பொளக்குது. காலைல ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும், சாயங்காலம் முழுசும் ஜென்ட்ஸுக்கு. அதுல ஒரு மணி நேரம், வாரத்துல மூணு நாள் குடுங்க போதும். உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியத்துக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடற்பயிற்சி வேணும்னு சொல்லுது, மூணு நாள் கிடைச்சாலே அது நிறைஞ்சிடும்.

அப்புறம் அந்த கயிறு. 25 மீட்டர் குளத்துல எங்க பேட்ச்சுக்கு மட்டும் நடுவுல கயிறு கட்டி ஆழமில்லாத பக்கம் விடுறீங்க. கைய பத்து தடவ போடுறதுக்குள்ள கயிறு வந்துடுது, நின்னு திரும்பி மறுபடி ஆரம்பிக்கணும், மூச்சு ஒரு தாளத்துக்கு வரவே மாட்டேங்குது. நிக்காம நீந்தினாதான் நெஞ்சுக்கும் பலம், உடம்பும் இறங்கும். பாதுகாப்புக்குன்னு சொன்னீங்க, சரி, டெஸ்ட் வைங்க, 25 மீட்டர் நிக்காம நீந்தி காட்டுறவங்கள மட்டும் விடுங்க, ஒரு லேடி லைஃப்கார்ட போடுங்க. 2004ல புலா சௌத்ரின்னு ஒரு அம்மா தலைமன்னார்ல இருந்து தனுஷ்கோடி வரைக்கும் கடல்லயே நீந்தி வந்திருக்காங்க, குளத்துல இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரு முழு லேப் எங்களுக்கு கேக்குறது பெரிய ஆசையா?

ஏப்ரல் மே மாசத்துல சம்மர் கேம்புக்காக எங்க பேட்ச்ச அப்படியே நிறுத்திட்டீங்க. புள்ளைங்க கத்துக்கட்டும், ரொம்ப சந்தோஷம், என் பையனும் அதுலதான் கத்துகிட்டான். ஆனா அந்த ரெண்டு மாசத்துல எனக்கு ரெண்டு கிலோ ஏறி முட்டி திரும்ப இறுகிடுச்சு. அரை மணி நேரமாவது எங்களுக்கு ஒதுக்கி வைங்க.

நாங்க பதினோரு பேரு கையெழுத்து போட்டு மனு எழுதி வச்சிருக்கோம். வர்ற திங்கக்கெழம ஆபீஸுக்கு கொண்டு வர்றோம், யாராவது ஒருத்தர் இருந்து வாங்கிக்கோங்க.