குழந்தை எப்படித் தூங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்பு) வீட்டில் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். தொழிற்சாலை பஸ் ஏறும் தாய்மார்கள் காலை ஆறு மணிக்கே பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இரவு ஏழரைக்கு வாங்கிக்கொள்வார்கள். 19 ஆண்டுகளாக இதுதான் என் பிழைப்பு. என்னிடம் கேட்காத கேள்வி இல்லை. மாதம் எவ்வளவு, பால் மாவு யார் வாங்குவது, குளிப்பாட்டி அனுப்புவீர்களா, சனிக்கிழமை உண்டா, வீட்டில் நாய் இருக்கிறதா, கேமரா பொருத்தியிருக்கிறீர்களா. "என் பிள்ளையை எதில், எப்படிப் படுக்கவைப்பீர்கள்?" என்று கேட்டவர்கள் மட்டும் இரண்டே பேர். அதில் ஒருவர் கிளினிக்கில் வேலை செய்யும் மிஸ்ஸி, அதாவது தாதி.

தாஸ்கா எனும் குழந்தைப் பராமரிப்பு மையத்திலோ ஆயா வீட்டிலோ தூங்கவைத்த குழந்தை எழுந்திருக்கவில்லை என்ற செய்தி பத்திரிகைகளில் வரும்போது, "பால் புரையேறியிருக்கலாம் என நம்பப்படுகிறது" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். பிரேதப் பரிசோதனை என்ன சொன்னது என்பதைப் பிறகு நான் படித்ததாக நினைவில்லை. எழுதுகிறவருக்கு அது ஒரு வரி. அதைப் படிக்கும் ஆயாவுக்கும் பாட்டிக்கும் அது ஒரு பாடம். "பார்த்தாயா, மல்லாக்கப் போட்டதால்தான் பால் ஏறிவிட்டது" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பிள்ளையைக் குப்புறப் போடுகிறார்கள். நானும் அப்படிப் போட்டவள்தான்.

அந்த மிஸ்ஸி என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, இரண்டு உறிஞ்சு குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துக் காட்டினார். நம் தொண்டையில் மூச்சுக்குழல் முன்னால் இருக்கிறது, உணவுக்குழல் அதற்குப் பின்னால். மல்லாந்து படுத்தால் மூச்சுக்குழல் மேலே வரும், உணவுக்குழல் கீழே போகும். பிள்ளை கக்கிய பால் பள்ளத்தைப் பார்த்து ஓடும். மேட்டில் இருக்கும் மூச்சுக்குழலுக்கு அது ஏறவேண்டும். குழாய்களை அப்படியே கவிழ்த்தார். இப்போது மூச்சுக்குழல் கீழே. "பால் எந்தப் பக்கம் போகும், நீங்களே சொல்லுங்கள், பெரியம்மா" என்றார். மூன்றாம் படிவம்வரை படித்தவள் நான். இதை யாரும் எனக்கு அதற்குமுன் சொல்லவில்லை.

என் அம்மாவும் ஆயாதான். இங்கிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், ஆயாக் கொட்டகையில் வேலை. விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போகும் பெண்கள் தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தோளில் போட்டு வந்து விட்டுச் செல்வார்கள். உத்தரத்தில் வரிசையாக 12 தூளிகள் தொங்கும். அம்மா ஒரு கயிற்றால் நாலைந்தைச் சேர்த்துக் கட்டி ஒரே இழுப்பில் ஆட்டுவார். பத்து மணிக்கு மேல் ரப்பர்ப் பால் எடைபோட்டுவிட்டுத் தாய்மார்கள் வரும்வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் ஒருவரே. அந்தக் காலத்தை நான் குறைசொல்லவில்லை. அவர் கையில் வளர்ந்தவர்கள்தான் இந்த ஊரில் பாதிப்பேர். ஆனால் தூளியிலேயே அடங்கிப்போன ஒரு பிள்ளையைப் பற்றி அம்மா கடைசிக் காலம்வரை பேசினார். மாந்தம் என்றார்கள் சிலர், காத்துக் கருப்பு என்றார்கள் சிலர். என்ன காரணம் என்று இன்று யாரால் சொல்லமுடியும்? "நாங்கள் எல்லாம் தூளியில், குப்புறப் படுத்து வளர்ந்தவர்கள்தானே" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தப் பிள்ளை ஞாபகம்தான் வருகிறது. அது வந்து சாட்சி சொல்லப்போவதில்லை.

இனி என் கதை. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்னால் நாலு மாத ஆண்பிள்ளை ஒன்று என்னிடம் வந்தது. வீட்டில் மல்லாந்தே தூங்கிப் பழகிய பிள்ளை. புது இடம், புதுக் கை. மூன்றாம் நாள் காலையெல்லாம் ஒரே அழுகை. தோளில் போட்டேன், ஆட்டினேன், பாடினேன். கடைசியில் பெரிய பஞ்சு மெத்தையில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினேன். ஐந்தே நிமிடத்தில் தூங்கிவிட்டான். அப்பாடா என்று அடுப்படிக்குப் போனேன். பருப்புக் குக்கர் இரண்டாவது விசில் அடித்தது. எந்தக் குழந்தையும் அந்தச் சத்தத்துக்குத் துள்ளி அழும், இவன் அழவில்லை. அதுதான் என்னை உள்ளே இழுத்தது. முகம் பக்கவாட்டில் திரும்பவில்லை. நேராக மெத்தைக்குள் புதைந்திருந்தது. தூக்கினேன். உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. பிறகு ஒரு பெரிய மூச்சு, அதன்பின் அழுகை. அந்த அழுகையைக் கேட்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று நாள் அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. நாலாம் நாள் சொன்னேன். அவர் திட்டவில்லை, மாதக் கடைசியில் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விட்டார். நானாக இருந்தால் அன்றைக்கே போயிருப்பேன். அவன் இப்போது தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். தீபாவளிக்கு என்னிடம் முறுக்கு வாங்க வருவான். வாசலில் நிற்கும்போது முதலில் அவன் உதட்டைத்தான் பார்க்கிறேன்.

மல்லாந்து பழகிய பிள்ளையைத் திடீரென்று குப்புறப் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குப்புறக் கிடந்து கழுத்தைத் தூக்கித் திருப்ப அதற்குப் பழக்கம் இருக்காது. தான் விட்ட மூச்சையே மெத்தையிலிருந்து திரும்ப இழுக்கும். தாய் ஒரு விதமாகவும் ஆயா ஒரு விதமாகவும் படுக்கவைத்தால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தாதியாக இருக்கும் என் மகள் படித்துச் சொன்னாள்: 1991இல் இங்கிலாந்திலும் 1994இல் அமெரிக்காவிலும் "மல்லாக்கப் படுக்கவையுங்கள்" என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள், அதற்குப் பின் திடீர் சிசு மரணம் (நன்றாக இருந்த பிள்ளை காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறப்பது) பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. 2000இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அத்தகைய மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பிள்ளையை வேறொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்திருக்கிறது. அவற்றிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பிள்ளையை அங்கே விட்ட முதல் வாரத்திலேயே. மூன்றாம் நாள், பருப்புக் குக்கர், என் பஞ்சு மெத்தை. அதனால் புதுப் பிள்ளை வந்தால் முதல் வாரம் நான் அடுப்பே பற்றவைப்பதில்லை. கடையில் பொட்டலச் சோறுதான்.

இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மலேசியாவில் 2023 முதல் தனியார் துறையில் பிரசவ விடுமுறை 98 நாள். அதற்குமுன் 60 நாள். அதிகம் கூடியதை வரவேற்கிறேன். ஆனால் திடீர் சிசு மரணம் அதிகம் நடப்பது இரண்டு முதல் நாலு மாதத்தில். 98 நாள் முடியும்போது பிள்ளைக்கு மூன்றேகால் மாதம். அந்த நேரத்தில்தான் பிள்ளை என்னைப் போன்றவர்கள் கைக்கு வருகிறது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1984இல் வந்த குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் 308 இருக்கிறது. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த, நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட நாலு பிள்ளைகளையோ அதற்கு மேலோ கூலிக்குப் பார்த்தால் சமூக நல இலாகாவில் பதிவு செய்யவேண்டும். மூன்றோடு நிறுத்தினால் பதிவு வேண்டாம். நான் மூன்றோடு நிறுத்துகிறேன். என் உடம்புக்கும் அவ்வளவுதான் முடியும். ஆகவே என் வீட்டுக்கு எந்த அதிகாரியும் வந்ததில்லை, வரப்போவதும் இல்லை. ஐந்து, ஆறு என்று சேர்த்துக்கொண்டு பதியாமல் நடத்துகிறவர்களும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கும் யாரும் வருவதில்லை. வந்து பார்க்கவேண்டியவர்கள் பெற்றோர்தான்.

இப்போது என் வீட்டில் கைக்குழந்தைகள் இருவருக்கும் ஆளுக்கொரு கம்பிக் கட்டில். கையால் அழுத்தினால் குழியாத மெத்தை, அதில் இறுக்கிப் போட்ட ஒரு விரிப்பு. தலையணை இல்லை, கம்பளி இல்லை, பொம்மை இல்லை. பார்க்க ஏழைவீட்டுக் கட்டில்போல் இருக்கிறது என்று ஒரு பாட்டி வருத்தப்பட்டார். இரண்டு வயதுப் பெண்ணுக்குத் தரையில் தனிப் பாய்மெத்தை. சோபாவில் யாரையும் தூங்கவிடுவதில்லை, அதன் இடுக்கில் முகம் சிக்கினால் தெரியாது. கழுத்தில் கறுப்புக் கயிறோ தாயத்தோ இருந்தால் கழற்றிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு மாலையில் கட்டி அனுப்புகிறேன். விசிறி ஓடும், சன்னல் திரையை முழுக்க மூடமாட்டேன். உதட்டின் நிறம் தெரியுமளவு வெளிச்சம் வேண்டும். தானாகக் கவிழக் கற்றுக்கொண்ட பிள்ளை தூக்கத்தில் கவிழ்ந்தால் அப்படியே விட்டுவிடுகிறேன். ஆனால் முதலில் மல்லாக்கத்தான் போடுவேன். கவிழ முயலும் நாளிலிருந்து துணியில் சுற்றிக் கட்டுவதையும் நிறுத்திவிடுகிறேன். டாக்டர் வேறுவிதமாகச் சொன்னால் அவர் எழுதிக் கொடுத்த கடிதம் வேண்டும்.

இதனால் நான் இழந்த வாடிக்கை கொஞ்சமல்ல. கொக்கியும் ஸ்பிரிங்கும் பாத்திக் கைலியுமாகத் தூளியையே கொண்டுவந்து வைத்தார் ஒருவர். அதில் ஆட்டினால்தான் பிள்ளை தூங்குமாம். அழுகையை அடக்க மடியருகே வைத்து நானும் ஆட்டுவதுண்டு, கண் இமைக்காமல். தூங்கியதும் எடுத்துக் கட்டிலில் போட்டுவிடுவேன். தூளியில் பிள்ளையின் முதுகு வில்லாக வளையும், தாடை நெஞ்சில் இடிக்கும்; மடங்கிய ரப்பர்க் குழாயில் தண்ணீர் எப்படிப் போகும்? இன்னொரு தாய் பச்சைப்பயற்று உமி அடைத்த குட்டித் தலையணையை நெஞ்சின்மேல் வைக்கச் சொன்னார், பிள்ளை திடுக்கிடாமல் இருக்க. அது நகர்ந்து முகத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? தலை தட்டையாகிவிடும் என்று அழுதவரிடம், பிள்ளை விழித்திருக்கும்போது என் கண்ணெதிரில் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுகிறேன் என்றேன். அந்த நேரத்துக்குக் குப்புறப் படுப்பது நல்லது, கழுத்தும் பலமாகும். அவர் மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அப்படி ஒரு செய்தி போடும்போது, காரணம் உறுதியாகும்வரை "பால் புரையேறி" என்ற அந்த வரியை நிறுத்திவையுங்கள். குழந்தை எதில் படுத்திருந்தது, குப்புறவா மல்லாக்கவா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு நாள் மதியம் ஒன்றரை மணிக்குச் சொல்லாமல் வாருங்கள். என் வீட்டுக்கு மட்டுமல்ல, யார் வீட்டுக்கும். உள்ளே விடமாட்டேன் என்று ஆயா சொன்னால் அங்கேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. என் வீட்டுக்கு வந்தால் அழைப்பு மணியை மட்டும் அடிக்காதீர்கள். அப்போதுதான் மூன்றும் கண்ணயர்ந்திருக்கும். கம்பிக் கதவை மெல்லத் தட்டினால் போதும், நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
ஆயாவின் மகள்,
சுங்கை சிப்புட், பேராக்.