கொல்கத்தா நண்பர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். எல்லோரும் நல்லபடியாகச் சென்னை வந்து சேர்ந்தோம். ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி அட்மிரல் வாட்சனின் நினைவுச் சின்னத்தைப் பார்க்க உதவிய உங்களுக்கு நாலு வரி எழுதாவிட்டால் எங்கள் குழுவுக்கு மனசு ஆறாது.

முதலில் புனித ஜான் தேவாலயத்துக் காவலருக்கு. மூடும் நேரத்தில் போய் நின்றவர்களை முகம் சுளிக்காமல் உள்ளே விட்டதோடு, முட்டிவலிக்காரர்களுக்கு நாற்காலியும் தூக்கி வந்து போட்டார்.

1756 அக்டோபரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவையும் படையையும் ஏற்றிக்கொண்டு நம் சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல்களுக்குத் தலைவர் இந்த சார்லஸ் வாட்சன்தான். அடுத்த ஆகஸ்டு 16-ஆம் தேதி கல்கத்தாவிலேயே இறந்துபோனார். கல்லறைமேல் கூர்நுனித் தூண். கீழே கல்லில் அவர் பிடித்த இடங்கள்: மேற்குக் கரைக் கோட்டையான கெரியா, கல்கத்தா, பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்தன்நகர். வாசிக்க முடியாமல் திணறியபோது, கூட வந்த கல்லூரித் தம்பி கைப்பேசி விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. கை வலித்திருக்கும், தம்பி.

கல்லில் இல்லாத கதையைச் சொன்னவர் எங்களுக்கு வழிகாட்டிய பேராசிரியர். வங்காள நவாபைக் கவிழ்க்கும் சதியில் பங்கு கேட்ட வணிகர் உமிச்சந்தை ஏமாற்றத் தயாரித்த போலி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வாட்சன் மறுத்துவிட்டாராம். அவர் பெயரை வேறொருவரை விட்டுப் போட வைத்தார் கிளைவ். மூன்று வெற்றிகளைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அதற்காக வாட்சனை உத்தமர் என்று சொல்லிவிட முடியாது. அவர் வந்ததும் கோட்டை பிடிக்கத்தானே.

அதே வளாகத்தில் வில்லியம் ஸ்பீக்கின் கல்லறையைத் தேடிக் காட்டிய அம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. வாட்சனின் கொடிக்கப்பலான 'கென்ட்'டின் கேப்டன் மகன் அவன். 1757 மார்ச்சில் சந்தன்நகர்ச் சண்டையில் காலை இழந்து, பிறகு உயிரையும் விட்டான். வயது 18 என்கிறது கல். எங்கள் குழுவில் அத்தனை பேரும் வாத்தியார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பையனின் வயது அது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்புறம், அங்கேயே இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் நம்ம பல்லாவரத்துக் கல் என்று கேட்டதும் எங்கள் புவியியல் ஆசிரியர் அந்த இடத்தை விட்டு நகர மறுத்தார். பொறுமையாகக் காத்திருந்த வேன் ஓட்டுநருக்கும் நன்றி.

படங்கள் கேட்டவர்களுக்கு இந்த வாரமே அனுப்புகிறோம். சென்னை வந்தால் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயத்தைச் சுற்றிக்காட்டுவது எங்கள் பொறுப்பு. சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

அன்புடன்,
சென்னைப் பயணக் குழுவினர்